கணுக்காலுக்கு மேலே ஒரு பொய்

காலை எட்டரை மணிக்கு ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தன் மனைவியின் வலது காலை யாரோ களவாடிக்கொண்டிருப்பதாகப் புகார் சொன்னார்.

நான் நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காணாமல் போன யானையை ஒரு மாடிப்படிக்கு அடியிலிருந்து மீட்டுக் கொடுத்தவன். யானை சற்றுச் சிறியது என்பதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் கால் களவு எனக்கும் புதிது. மொத்தமாகக் கொண்டுபோகிறார்களா, தவணை முறையிலா என்று கேட்டேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை வந்தால் நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவது வழக்கம்.

மேடம்தான் துப்பறிபவர். ஐம்பது வயது. முன்பு கணக்கு டீச்சர். யார் யாரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள் என்பதை விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் சத்தத்திலேயே கண்டுபிடித்தவர் என்று சொல்வார்கள், சொன்னது நான்தான். நான் அவருடைய உதவியாள். வயதில் அவருக்கு அண்ணன், சம்பளத்தில் தம்பி. வழக்கு முடிந்ததும் எல்லோரும் அவர் கையைத்தான் குலுக்குவார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வயிறு மட்டும் லேசாக எரியும்.

வந்தவர் கைக்கடிகாரக் கடை வைத்திருப்பவர். சுத்தமான நகங்கள், மெதுவான பேச்சு. அவர் சொன்னது இதுதான். அவருடைய மனைவி பத்தாயிரம் மீட்டர் ஓடுபவள். இன்று மாலை ஐந்து மணிக்குத் தேர்வு ஓட்டம். அணியில் காலியாக இருப்பது ஒரே இடம். பயிற்சி மையத்தில் ஓடுகிற எல்லோருக்கும் கணுக்காலுக்கு மேலே, எலும்போடு சேர்த்து ஒரு பட்டை கட்டுவார்கள். அதற்குள் நகத்தளவு ஒரு சென்சார். கால் தரையில் மோதுகிற ஒவ்வொரு முறையும், அதிர்வு எவ்வளவு என்று அது ஓர் எண் சொல்லும். மனைவியின் எண் எப்போதும் ஏழு. பத்தைத் தாண்டினால் எலும்புக்கு ஆபத்து. மூன்று வாரமாகப் பதின்மூன்று வருகிறது.

எலும்பு விரிசல் விட்ட பிறகு படம் பிடித்துப் பார்ப்பதில் என்ன பயன், விரிசல் விடுவதற்கு முன்னால் நிறுத்தத்தானே பட்டை என்று மையத்து டாக்டர் சொல்லிவிட்டார். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மூன்று மாதக் கட்டாய ஓய்வு என்று கையெழுத்துப் போடப்போகிறார். போட்டுவிட்டால் அந்த ஒரே இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், மனைவியின் சொந்த அக்கா.

"அக்காவுக்கு வயித்தெரிச்சல் மேடம்," என்றார் கடிகாரக்காரர். "அவங்கதான் ஏதோ பண்றாங்க. இல்லைன்னா அந்தப் பட்டைக்காரன்."

ஒரு சின்ன நோட்டை நீட்டினார். இருபத்தோரு நாளின் எண்களும் எறும்பு எழுத்தில் இருந்தன. எல்லாம் பதின்மூன்று, பதின்மூன்றரை. பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் மட்டும் ஏழு.

"அந்த ரெண்டு நாளும் அக்கா ஊர்ல இல்லை. அவங்க இருந்தா பதிமூணு, இல்லைன்னா ஏழு. இதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த அக்காவை எந்தச் சிறையில் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

பேசும்போதே அவர் கண் மேடத்தின் மணிக்கட்டிலேயே இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லி, மேடத்தின் கடிகார வாரை ஒரு துளை தளர்த்திக் கட்டிவிட்டார். அடியில் தன் சுண்டு விரலை விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார். "விரல் போகணும் மேடம். இல்லைன்னா தோலுக்கு மூச்சு முட்டும்."

நானும் கையை நீட்டினேன். என் கடிகாரம் ஓடவில்லை என்றார். நான் அதை நேரம் பார்க்கக் கட்டவில்லை, புலி கடித்த தழும்பை மறைக்கக் கட்டியிருக்கிறேன் என்றேன். வீட்டுப் பூனை என்று என் மனைவி சொல்வாள். அவள் அன்றைக்கு அந்தக் காட்டில் இல்லை.

*

பயிற்சி மையத்தில் தைல வாசனையும் ஈரத் துண்டு வாசனையும் சரிபாதியாக இருந்தன. சென்சார் அறையின் சுவரில் இருபத்துமூன்று கொக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண், கீழே ஒரு பட்டை. காலையில் கொக்கியிலிருந்து கால், மாலையில் காலிலிருந்து கொக்கி.

அவர்கள் பட்டைக்காரர் என்று கூப்பிடுகிற தொழில்நுட்ப ஆள் முப்பது வயதுக்காரர். பேண்ட் இரண்டு முட்டியிலும் தேய்ந்து வெளுத்திருந்தது. முட்டி போட்டுக் கட்டுவதே வேலை. கடிகாரக்காரரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் இல்லாத பக்கமாகத் திரும்பிக்கொண்டார். கடிகாரக்காரர் வணக்கத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை, வாசலிலேயே நின்றுவிட்டார்.

இந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று மேடம் கேட்டார்.

"சென்சார் பொய் சொல்லாது மேடம். எதோட ஒட்டியிருக்கோ அதைப் பத்தி மட்டும் சொல்லும். எலும்போட ஒட்டினா எலும்பு. சதையோட ஆடினா சதை."

பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். சென்சாரை மூன்று முறை மாற்றிப் பார்த்தாராம், பதின்மூன்று. ஷூவை மாற்றினார்களாம், பதின்மூன்று. புல்தரையில் ஓடவிட்டார்களாம், பதின்மூன்று. பக்கத்து அறையில் தரைக்குள் பதித்த ஒரு தட்டு இருக்கிறது, அதில் மிதித்தால் கால் எவ்வளவு பலமாக விழுகிறது என்று தரையே சொல்லிவிடும். ஆனால் அறைக்குள் வைக்கிற ஓர் அடியைப் பார்த்து வெளியே வைக்கிற பத்தாயிரம் அடியை எப்படித் தெரிந்துகொள்வது என்று டாக்டர் அதை ஒதுக்கிவிட்டார்.

கருவியைச் சோதிக்க நானே முன்வந்தேன். பட்டைக்காரர் என் காலில் கட்டினார். கட்டினார் என்பதைவிடப் பூட்டினார் என்று சொல்லலாம். பாதம் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆகிவிட்டது. கதவு வரை ஓடித் திரும்பினேன். கம்ப்யூட்டரில் பத்தொன்பது என்று வந்தது. கருவி பழுதா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் மரியாதையாகச் சரிபார்த்துவிட்டு, கருவி நன்றாக இருக்கிறது என்றார். இன்னும் கண்ணால் பார்க்காத அந்தப் பெண்ணின் பதின்மூன்றின் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

"தினமும் இத்தனை பேருக்குக் கட்டணும்னா முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்று மேடம் பரிவாக விசாரித்தார்.

"பழகிடுச்சு மேடம். இருபத்திரண்டு கால். அரை மணி நேரத்துல முடிச்சிடுவேன்."

கொக்கிகளை நான் மறுபடி எண்ணினேன். இருபத்துமூன்று. பட்டைக்காரருக்குக் கணக்கு வராது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மேடம் எதுவும் எழுதவில்லை.

*

அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்குப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. தங்கை மேல் பொறாமையா என்று நேராகக் கேட்டேன்.

"பின்ன இல்லையா?" என்றாள், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்கு ஓடக் கத்துக் கொடுத்தவ நான். இப்ப இருபத்தஞ்சு சுத்தும் அவ முதுகைப் பார்த்துக்கிட்டே ஓடறேன். அந்த முதுகுல எத்தனை மச்சம்னு கேளுங்க, சொல்றேன். எனக்குச் சந்தோஷமாவா இருக்கும்?"

இத்தனை நேர்மையான குற்றவாளியை நான் பார்த்ததில்லை. குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும் என்று காத்திருந்தேன். மேடம் இடையில் புகுந்து, அந்த இரண்டு நாள் எங்கே போயிருந்தாள் என்று கேட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாள். இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில். தங்கைக்குப் பயிற்சி கெடக் கூடாதென்று அவளை வர வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம்.

"அம்மாவை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போனீங்க? பஸ்ஸா?"

"கண்ணுக்குத் தூசி ஆகாதேன்னு தம்பிதான் கார்ல கூட்டிக்கிட்டுப் போனார்."

"எந்தத் தம்பி?"

"அவ புருஷன்தான். ரெண்டு நாளும் அங்கேயே இருந்தார். சும்மா சொல்லக் கூடாது, சொட்டு மருந்து கூட அவர்தான் போட்டார். அம்மாவுக்கு மருந்து விழுந்ததே தெரியலை. அவ்வளவு மெதுவான கை."

மேடம் எழுந்துவிட்டார். நான் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்றேன். அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் பெரியவரே என்றார்.

வெளியே தங்கை தண்ணீர்க் குழாயடியில் நின்றிருந்தாள். உயரம் குறைவு, ஒல்லி. நிற்கும்போது கூட வலது காலில் பாரம் போடாமல் நின்றாள். வலிக்கிறதா என்று மேடம் கேட்டார்.

"வலியே இல்லை. எண்ணைப் பார்த்தாத்தான் வலிக்குது. மூணு வாரமா இந்தக் காலைக் கீழ வைக்கவே பயமா இருக்கு." குழாயைத் திறந்து கையை நனைத்துக்கொண்டாள். "அடுத்த தேர்வு நாலு வருஷம் கழிச்சு. அப்ப எனக்கு முப்பத்தஞ்சு. அப்ப யாரும் எனக்குப் பட்டை கட்ட மாட்டாங்க."

மேடம் குனிந்து அவள் காலைப் பார்த்தார். வருகிற வழியில் மற்றவர்கள் காலையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். அவர்களுக்கெல்லாம் பட்டை இருந்த இடத்தில் மோதிரம் போட்ட விரல் மாதிரி ஒரே வெளுத்த கோடு. இவளுக்குக் கோடு இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் உரசிச் சிவந்திருந்தது. ஏதோ ஒன்று அங்கே மேலும் கீழுமாகப் போய்வந்திருக்கிறது. பூச்சிக்கடி என்று நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

*

பதினொன்று நாற்பதுக்குத் தட்டு அறையில் எல்லோரும் கூடினோம். டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தார். நீளமான அறை, நடுவில் தரையோடு தரையாக ஒரு சாம்பல் நிறத் தட்டு. மேடம் கேட்டது ஒன்றுதான்: தங்கை இந்த அறையில் இரண்டு முறை ஓட வேண்டும், இரண்டு முறையும் தட்டை மிதிக்க வேண்டும்.

"பட்டையைக் கட்டிவிடுங்க," என்றார் கடிகாரக்காரரைப் பார்த்து.

கடிகாரக்காரர் மகிழ்ச்சியோடு முட்டி போட்டார். கைக்குட்டையால் அவள் காலைத் துடைத்தார். பட்டையைச் சுற்றி, கொக்கியைத் துளையில் மாட்டி, அடியில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் போனது. திருப்தியாக எழுந்தார்.

அவள் ஓடினாள். தட்டு, அவளுடைய எடையைப் போல இரண்டு புள்ளி நான்கு மடங்கு என்றது. பட்டை பதின்மூன்று என்றது.

"இப்ப நீங்க கட்டுங்க," என்று மேடம் பட்டைக்காரரிடம் சொன்னார்.

பட்டைக்காரர் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் கடிகாரக்காரர் குறுக்கே வந்து நின்றார். அந்த ஆள் வேண்டாம் என்றார். ஏன் என்று டாக்டர் கேட்டார். வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்றார். அவருடைய மெதுவான குரலில் முதல் முறையாக ஒரு கிறீச்சு வந்திருந்தது.

"நான் சொல்லிடறேன்," என்றார் மேடம். "இங்க இருபத்துமூணு பேர் ஓடறாங்க. பட்டைக்காரர் இருபத்திரண்டு காலுக்குத்தான் கட்டறார். மூணு வாரமா இந்த ஒரு காலுக்கு மட்டும் நீங்க கட்டறீங்க. நீங்க மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போன ரெண்டு நாள் அவர் கட்டினார். எண் ஏழு. அக்கா ஊர்ல இல்லைன்னு சொன்னீங்க. கார் ஓட்டினது யாருன்னு சொல்லலை."

நான் நோட்டில் அக்கா என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். எங்களைத் தேடி வந்து வழக்குக் கொடுத்தவரே குற்றவாளி. நாற்பது வருடத்தில் இது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை அந்த யானைக்காரர்.

"நான் ஒண்ணும் பண்ணலையே," என்றார் கடிகாரக்காரர். "நல்லாத்தானே கட்டறேன்?"

"ரொம்ப நல்லாக் கட்டறீங்க. கைக்கடிகாரத்துக்கு அப்படித்தான் கட்டணும். விரல் போற இடத்துல பட்டை ஆடும். அவங்க கால் ஒரு தடவை மோதினா, பட்டை தன் பங்குக்கு ஒரு தடவை தனியா குதிக்குது. சென்சார் ரெண்டையும் சேர்த்துச் சொல்லுது."

தங்கை கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலி இல்லாத காலுக்காக மூன்று வாரம் பயந்தவள். "ஏங்க," என்றாள், "நானே கட்டறேன்னு ஏன் திடீர்னு ஆரம்பிச்சீங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். "மூணு வருஷமா தினம் காலையில அவன் முட்டி போட்டு உன் காலை மடியில வெச்சுக் கட்டறான். ஒரு நாள் உன்னை இங்க கொண்டுவந்து விட வந்தப்பப் பார்த்தேன். நீ அவன் தோள்ல கையை ஊனிக்கிட்டு நிக்கறே. நான் கடையில ஊர்ல இருக்கிற கைக்கெல்லாம் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என் பொண்டாட்டி காலுக்குக் கட்ட எனக்குக் கொடுத்து வைக்கலை."

"ஒத்தைக் கால்ல நிக்கறப்ப எதைப் பிடிச்சுக்குவாங்க?" என்றாள் அவள். "மத்த இருபத்திரண்டு பேரும் அவரோட அதே தோளைத்தான் பிடிக்கறாங்க."

கடிகாரக்காரர் குறுக்கேயிருந்து விலகினார். பிறகு பட்டைக்காரர் கட்டினார். சுண்டு விரல் என்ன, நகம் கூட நுழையாது. அவள் ஓடினாள். தட்டு, அதே இரண்டு புள்ளி நான்கு. பட்டை, ஏழு.

"தரைக்கு யார் கட்டினதுன்னு தெரியாது," என்றார் மேடம்.

தங்கை பட்டைக்காரர் பக்கம் திரும்பினாள். தளர்வாக இருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். முதல் நாளே தெரியும் என்றார் அவர்.

"அப்ப ஏன் சொல்லலை?"

"நான் கட்டறேன்னு நானே சொன்னா, அவர் நினைக்கிறது சரின்னு ஆயிடும்."

சொல்லிவிட்டுத் தன் முட்டிகளைப் பார்த்துக்கொண்டார். அது பாதி பதில் என்று எனக்குத் தோன்றியது. மீதிப் பாதியை மேடம் கேட்கவில்லை. நானும் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அறைக்குள் வந்த ஏழு என்ற ஒரே ஓர் எண்ணை நம்பி மூன்று வாரப் பதின்மூன்றை அழிக்க முடியாது என்றார். மாலையில் பட்டையோடு ஓடட்டும். எந்தச் சுற்றிலாவது எண் பத்தைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்தி வெளியே கூட்டி வந்துவிடுவேன் என்றார்.

*

நாலே முக்காலுக்கு ஓட்டப் பாதையின் ஓரத்தில் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் தங்கை. அதைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது என்பது மையத்தின் விதி. குனிந்தால் தசை புடைக்கும், அப்போது இறுக்கினால் நிமிர்ந்ததும் தளர்ந்துவிடும். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் வந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்து அப்படியே நின்றார்கள்.

இனி இறுக்கியே கட்டுவதாகக் கடிகாரக்காரர் கெஞ்சினார்.

"உங்களால முடியாது. எனக்கு வலிக்குமேன்னு கை பின்னால வந்துடும்," என்றாள். குரலில் கோபம் பாதிதான் இருந்தது. பட்டைக்காரரிடம் பேசியபோது அதுவும் இல்லை. "நீங்களும் வேணாம். பார்த்துக்கிட்டே சும்மா இருந்தீங்க."

பிறகு திரும்பி, பத்தடி தள்ளிக் கால்களை உதறிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டாள். "அக்கா, நீ கட்டு."

ஒரே ஒரு துளை தளர்த்திக் கட்டினால் போதும். மூன்றாவது சுற்றில் எண் பத்தைத் தாண்டும், டாக்டர் உள்ளே இறங்குவார், அந்த இடம் அக்காவுக்கு. இது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். முதலில் தெரிந்தவள் அக்காவாகத்தான் இருப்பாள். அவள் உடனே வரவில்லை. நான் மேடத்தின் காதில் ஏதோ சொல்லப் போனேன். பேசாமல் இருங்கள் பெரியவரே என்றார்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். தங்கையின் காலைத் தன் தொடை மேல் இழுத்து வைத்தாள். தங்கை அவள் தோளில் கையை ஊன்றினாள். கடிகாரக்காரரும் பட்டைக்காரரும் அந்தத் தோளைப் பார்த்த பார்வை ஒன்றாகவே இருந்தது. அக்கா பட்டையைச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஓடித் தோற்ற இத்தனை வருடத்தையும் அந்த ஓர் இழுப்பில் இழுத்தாள். கொக்கி நான்காவது துளையில் போய் விழுந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"இன்னும் ஒண்ணு இறுக்கட்டுமா?"

"வேணாம்க்கா. கால் மரத்துடும்."

"மரத்தா எனக்குத்தானே லாபம்," என்றாள் அக்கா. ஆனால் நான்காவது துளையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

விசில் ஊதினார்கள். நான் ஓட்டத்தைப் பார்க்கவில்லை, டாக்டரின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஏழு. ஏழு. ஏழரை. பத்தாவது சுற்றில் கடிகாரக்காரர் தன் மணிக்கட்டைப் பார்ப்பதை நிறுத்தினார். இருபதாவது சுற்றில் டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். கடைசிச் சுற்றில் கூட எண் எட்டைத் தொடவில்லை.

தங்கை முதலில் வந்தாள். ஆறு வினாடி கழித்து அக்கா வந்தாள். வந்தவள் மூச்சு அடங்கும் வரை கூடக் காத்திருக்கவில்லை. புல்லில் விழுந்து கிடந்த தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, காலை மடிக்கு இழுத்து, கொக்கியைக் கழற்றினாள். பட்டை இருந்த இடத்தில் தோலுக்குள் பதிந்த ஒரு சிவப்பு வளையம்.

அதைக் கட்டை விரலால் மெதுவாகத் தேய்த்துவிட்டபடி, "நல்லா வேணும்," என்றாள்.